முப்பது குப்பிகளின் வரிசை

அந்த வாரம் தொடங்கியபோது பழைய கருவியின் விளக்கு 5,212 மணி நேரம் எரிந்திருந்தது. ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டால் அது எப்போது அணையும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்று விளக்குகள் இரண்டு வைத்திருந்தோம். இரண்டும் தீர்ந்துவிட்டன. கருவியைச் செய்த நிறுவனம் அந்த ரகத்தை நிறுத்திப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. காலையில் போனதும் முதலில் திரையில் அந்த எண்ணைப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் தோள்பையை இறக்கி வைப்பேன்.

தொழிற்சாலை ஆறுமுகநேரிப் பக்கம், உப்பளங்களை ஒட்டி இருக்கிறது. சர்க்கரை நோய்க்கான மாத்திரை செய்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற வேதியியல்காரன், வயது எழுபத்தொன்று. தூத்துக்குடியிலிருந்து வாரம் நான்கு நாள் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன், அந்த வாரம் மட்டும் ஆறு நாளும். மாத்திரை அடிப்பதற்கு முன் மருந்தை மாவோடு சேர்த்துக் குருணையாக்கி உலர்த்துவார்கள். அந்தக் குருணையில் நீர் கூடினால் மாத்திரையில் புள்ளி விழும். குறைந்தால் அச்சிலிருந்து வெளியே வரும்போதே அதன் தலை தனியாகக் கழன்றுவிடும். எத்தனை நீர் இருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் டைட்ரேஷனில் ஒரு தொகுதிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இந்தக் கருவியோ கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் குருணை மேல் பாய்ச்சி, திரும்பி வருவதைப் பார்த்து, ஒன்பது நிமிடத்தில் சொல்லிவிடும்.

ஆனால் கருவிக்குத் தானாக எதுவும் தெரியாது. நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆறு ஆண்டுகளில் 412 மாதிரிகளை டைட்ரேஷனிலும் பார்த்து, ஒளியிலும் பார்த்து, இந்த ஒளிக்கு இவ்வளவு நீர் என்று அதற்குக் கற்றுக் கொடுத்திருந்தோம். அதைத்தான் காலிப்ரேஷன் என்கிறோம். இப்போது புதுக் கருவி வந்துவிட்டது. பழையதைவிட நல்ல கருவி, ஆனால் அதே குருணையை அது ஒரு மயிரிழை வேறு மாதிரிப் பார்க்கும். எனவே சில மாதிரிகளை இரண்டிலும் வைத்துப் பார்த்து, புதியது பார்ப்பதைப் பழையது பார்ப்பதாக மாற்றும் கணக்கு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணக்கு கிடைத்துவிட்டால் 412 மாதிரிகளின் படிப்பும் புதியதற்கு வந்து சேர்ந்துவிடும். அதற்கு முன் பழையதன் விளக்கு போய்விட்டால் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த ஆய்வாளர் நாற்பது வயதுப் பெண்மணி. புன்னைக்காயலிலிருந்து கம்பெனி வேனில் வருவார். கணவர் கப்பலில் போகிறவர், ஏழு மாதமாகக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருந்தார். வீடு இந்த அம்மாவின் சம்பளத்தில்தான் ஓடியது. வேலையும் நிரந்தரமில்லை, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். புதுப்பிப்பவர்களின் பட்டியலை முதலாளி சனிக்கிழமை மாலை கையெழுத்துப் போட்டு அனுப்புவார். முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

முப்பது குப்பிகள் தயாரித்தோம். நீர் மிகக் குறைந்தது ஒன்றாம் எண், மிகக் கூடியது முப்பதாம் எண். இந்த வரிசையை முடிவு செய்தவன் நான். ஏறுமுகமாக இருந்தால் ஒரு குப்பி மாறிப்போனாலும் எண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு எதுவும் வரிசையில் இருக்க வேண்டும். வீட்டில் மருந்துச் சீட்டையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருப்பவன் நான்.

திங்கட்கிழமை புதுக் கட்டிடத்தில் புதுக் கருவியில் முப்பதையும் அளந்தோம். புதுக் கட்டிடம் முழுக்க அடைத்தது, உள்ளே காற்று ஒரே சீராக உலர்ந்திருக்கும். செவ்வாய்க்கிழமை பழைய கட்டிடம். விளக்கு அணைந்துவிடுமோ என்ற பயத்தில் அன்று காலை நான் சாப்பிடவில்லை. ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். ஆய்வாளர் குப்பியைத் திறந்து குருணையைக் கண்ணாடி அடி வைத்த கிண்ணத்தில் கொட்டுவார், கருவி பார்க்கும், திரும்பக் குப்பியில் கொட்டுவார், மறுபடி நிரப்புவார். இப்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை. நான் எண்ணைச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். பதினேழாவதை அளந்த பிறகுதான் கிண்ணத்தின் அடியில் விரல் ரேகை பட்டிருந்ததைப் பார்த்தோம். அந்த அளவை ரத்து செய்தோம்.

"இப்பமே திரும்பப் பாத்துரலாமா சார்?" என்று அவர் கேட்டார்.

"வேண்டாம்மா. வரிசை ஓடட்டும். அதக் கடைசியில பாத்துக்கிடுவோம்" என்றேன்.

முப்பதையும் முடித்து, அதற்குப் பிறகு பதினேழையும் முடித்தபோது மணி ஒன்று நாற்பது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு முறை சாப்பிட்டேன்.

புதன்கிழமை கணக்குப் போட்டேன். இரண்டு கருவிகளும் ஒரே குப்பிக்குச் சொன்ன அளவுகளின் வித்தியாசத்தைக் கட்டத்தில் புள்ளியாக வைத்தால், முதல் குப்பியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி முப்பதாவதில் 0.4 சதவீதம் வந்தது. நீர் கூடக் கூடக் கருவிகள் விலகுகின்றன என்று எடுத்துக்கொண்டேன். அப்படி விலகும் கருவிகள் உண்டு. பதினேழாம் புள்ளி மட்டும் கோட்டில் சேராமல் மேலே தனியாக நின்றது. அது விரல் ரேகை பட்ட குப்பி. கெட்டுப்போன மாதிரி என்று கணக்கிலிருந்து நீக்கினேன். மற்ற இருபத்தொன்பதும் அழகான கோட்டில் விழுந்தன. அந்தக் கணக்கைப் புதுக் கருவியில் ஏற்றினோம்.

ஏற்றியதும் சோதித்துப் பார்க்க வேண்டும். முப்பதில் சேராத பத்து மாதிரிகளை டைட்ரேஷன் செய்து வைத்திருந்தோம். புதுக் கருவி சொல்வதும் டைட்ரேஷன் சொல்வதும் 0.2க்குள் இருக்க வேண்டும். குறைந்த நீர் மாதிரிகள் சரியாக வந்தன. நீர் கூடிய நான்கும் 0.3, 0.4 என்று அதிகமாகக் காட்டின. நல்ல குருணையை ஈரம் என்று சொல்லும். ஈரம் என்றால் மேலும் உலர்த்துவார்கள். உலர்த்தினால் மாத்திரையின் தலை கழலும். காலிப்ரேஷனைப் புதுக் கருவிக்கு மாற்றும் முயற்சி தோல்வி.

மூன்று மணிக்கு அண்ணாச்சி ஆய்வகத்துக்கு வந்தார். உப்பு வியாபாரத்தில் தொடங்கி மாத்திரைக்கு வந்தவர். வேதியியல் படிக்கவில்லை, ஆனால் தாளைப் பார்த்தால் எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

"நனைஞ்சிருக்கு. அவ்வளவுதான" என்றார். "உப்பு மூட்டையத் தொறந்து போட்டா நனையும், இதுவும் நனையும். குப்பியத் தொறந்தது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி" என்றார் ஆய்வாளர்.

"மூடிய மறந்துட்டியளா?"

"முப்பதையும் ஒண்ணுபோலத்தான் கொட்டுனேன். மொத பத்து சரியா இருக்கு, கடைசிப் பத்து மட்டும் நனைஞ்சிருக்குன்னா, நான் மத்தியானத்துக்கு மேல மட்டும் மறதிக்காரி ஆயிருவேனா?"

"பசிச்சிருக்கும்" என்றார் அண்ணாச்சி. சிரிப்பில்லாமல்தான் சொன்னார். "சார் கிட்டத் தப்பு வராது. ஆறு வருசமாப் பாக்குதேன். பட்டியல்ல நான் யோசிக்கணும்."

நான் அங்கேதான் நின்றேன். கருவிகள் இரண்டும் இயல்பாகவே அப்படி விலகலாம், ஆளைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். விளக்கின் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை புள்ளிகளை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆய்வாளர் கேட்டது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் பத்து ஏன் சரி, கடைசிப் பத்து ஏன் தப்பு? முதல் பத்து, நீர் குறைந்த பத்து. முதல் பத்து, காலையில் அளந்த பத்தும்தான். எண்ணும் நீரும் நேரமும் ஒன்றாகவே ஏறியிருந்தன. வித்தியாசம் எதனால் ஏறியது, நீராலா நேரத்தாலா என்று பிரித்துச் சொல்ல அந்தக் கட்டத்தில் வழியே இல்லை. நான் போட்ட வரிசை அந்த வழியை அடைத்துவிட்டது.

ஒரே ஒரு குப்பி வரிசையைத் தாண்டி அளக்கப்பட்டிருந்தது. பதினேழு. நீக்கியதைத் திரும்பக் கணக்கில் சேர்த்தேன். பதினாறில் வித்தியாசம் 0.2. பதினெட்டில் 0.22. இடையில் இருக்கும் பதினேழில் 0.41. நீரில் அது நடுவே இருக்கிறது. நேரத்தில்தான் கடைசி. ஆகவே கருவிகளில் கோளாறு இல்லை. விரல் ரேகையும் காரணமில்லை, அதைத் துடைத்துவிட்டுத்தான் கடைசியில் அளந்தோம். காரணம் பழைய கட்டிடத்துக் காற்று. அங்கே ஈரம் உறிஞ்சும் மிஷின் பழசு, கதவு சரக்கு ஏற்றும் பக்கம் திறக்கும். ஈரப்பதத்தை ஒரு நோட்டில் எழுதுவோம், ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு முறைதான் எழுதுவோம். நோட்டைப் புரட்டினால் ஆண்டு முழுக்க நல்ல எண்களாகவே இருக்கும். பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று ஏறியதும் அந்த அறையில் என்ன இருக்கும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் மூன்று மூன்று முறை கொட்டி நிரப்பிய குருணை அந்தக் காற்றைத்தான் குடித்திருக்கிறது.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அறுபத்து நான்கு எட்டு வைத்தால் அண்ணாச்சி அறை. அவர் என்னிடம் காட்டும் மரியாதை எல்லாம், இவர் தப்பு செய்ய மாட்டார் என்ற ஒன்றின் மேல்தான் நின்றது. எழுபத்தொரு வயதில் அது போனால் பஸ் ஏறி எங்கே போவது? கணக்கை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். ஏழு முறை சரிபார்த்தேன். ஏழு முறையும் அதேதான் வந்தது. மாலையில் ஆய்வாளர் வேனுக்குப் போகும்போது, "நாளைக்கு வாறேன் சார்" என்று எப்போதும் சொல்வதைச் சொல்லவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஆய்வாளரையும் அழைத்துக்கொண்டு அண்ணாச்சி அறைக்குப் போனேன். இந்த அம்மா மேல் தப்பில்லை, வரிசை என்னுடையது, அந்த வரிசையால்தான் காற்று கணக்குக்குள் புகுந்தது என்று பதினேழாம் புள்ளியைக் காட்டிச் சொன்னேன். அண்ணாச்சி தாளை வெகுநேரம் பார்த்தார்.

"பதினோரு மணிக்கு மேல கடல்ல இருந்து கொண்டல் காத்து விழும்னு உப்பளத்துல அள்ளுத பொம்பளைக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும் அண்ணாச்சி. நினைக்கல."

"விளக்கு இன்னும் எத்தன நாளு நிக்கும்?"

"நாளை வரைக்கும் நின்னா நல்லது."

"சரி. திரும்பப் பண்ணுங்க. ரிப்போர்ட் கைக்கு வரட்டும், பட்டியல அதுக்குப் பொறவு பாப்போம். நாளைக்குச் சாயந்தரம் ஆறு மணி." ஆய்வாளரைப் பார்த்து, "ஏளா, நீயும் கூட நிக்கியா?" என்று கேட்டார். நீங்கள் என்பது நீ ஆகியிருந்தது. கோபம் இறங்கினால் அண்ணாச்சி அப்படித்தான் பேசுவார்.

"நான் வேற எங்க போவ?" என்றார் அவர்.

மிச்சம் வைத்திருந்த குருணையில் முப்பது குப்பிகளையும் புதிதாக நிரப்பினோம். இந்த முறை வரிசை கூடாது. எண்களைக் கலைத்து எடுக்க வேண்டும். நான் கலைத்தால் என் கை தானாக ஒரு ஒழுங்குக்குப் போய்விடும். எழுதிப் பார்த்தேன். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று மாறி மாறி எழுதியிருந்தேன். ஆய்வாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்குப் போன் போட்டார். மதியம் புன்னைக்காயலிலிருந்து யாரோ பைக்கில் ஒரு துணிப்பையைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கோயில் திருவிழாவில் எண் குலுக்கி எடுக்கும் தம்போலா விளையாட்டு நடத்தும் பை. மரக்கட்டைகளில் ஒன்று முதல் தொண்ணூறு வரை எண். திருவிழாவில் மைக்கில் எண் சொல்கிறவர் இவர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முப்பதுக்கு மேற்பட்டவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டுப் பைக்குள் கை விட்டார்.

"ஏழு. தூண்டிமுள்ளு!" என்றார். எண்ணோடு பட்டப்பெயரும் சேர்த்துக் கூவும் பழக்கத்தில் வந்த சத்தம். உடனே என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பிறகு முப்பதும் வரும்வரை எண்ணை மட்டும் சொன்னார். இருபத்தொன்பதுக்குப் பிறகு மூன்று, மூன்றுக்குப் பிறகு பதினெட்டு என்று எழுதும்போது எனக்கு விரல் வலித்தது. வெள்ளி மாலைக்குள் அந்த ஒழுங்கில்லாத ஒழுங்கில் புதுக் கருவியில் முடித்தோம்.

பழைய கருவிக்கு இன்னொரு முறை பை குலுக்கினோம். சனிக்கிழமை விடியும்போதே, ஐந்தரைக்குத் தொடங்கினோம். நிலத்திலிருந்து கடல் பக்கம் காற்று போகிற நேரம். அண்ணாச்சி வேனை அதற்காகவே முன்னதாக அனுப்பியிருந்தார். நான் நோட்டில் ஈரப்பதத்தை ஒவ்வொரு குப்பிக்கும் எழுதினேன். ஆய்வாளர் கொட்டினார், நிரப்பினார், கொட்டினார். பதினான்காவது குப்பியில் திரையில் ஒளியைக் காட்டும் கோடு ஒருமுறை நடுங்கியது. அவர் கை அப்படியே நின்றது. கோடு அடங்கியது. இருபதாவதில் மறுபடி நடுங்கியது. கிண்ணத்தை வைக்கும்போது மேஜை அதிரக்கூடாது என்று இரண்டு கையாலும் வைத்தார். நான் ஒன்பது நிமிடங்களை நொடி நொடியாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்தேழு முடிந்தது. இருபத்தெட்டாவதாக வந்த குப்பியை நிரப்பி வைத்தபோது திரை இருண்டது. கருவிக்குள் ஒரு சின்ன சத்தம் கேட்டது, உளுந்து ஒன்று சட்டியில் வெடித்தது போல. மணி ஒன்பது முப்பத்தெட்டு.

"மூணு கொறயுதே" என்றேன்.

அவர் சீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தார். விட்டுப்போனவை நான்கு, பதினொன்று, இருபத்திரண்டு.

"ஒண்ணு கீழ, ஒண்ணு நடுவுல, ஒண்ணு மேல" என்றார். "முப்பது இருக்கு, இருபத்தொன்பது இருக்கு, ஒண்ணு ரெண்டு மூணும் இருக்கு. உங்க வரிசையில போயிருந்தா கடைசி மூணும் போயிருக்கும் சார். ஈரமான பக்கமே இருந்திருக்காது. இது காணும், போதும்."

நெறிமுறைத் தாளில் குறைந்தது இருபத்தைந்து என்றுதான் எழுதியிருந்தோம். அதை எழுதியவன் நான். ஆனாலும் இருபத்தேழை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது.

கணக்கை ஏற்றிச் சோதனை மாதிரிகள் பத்தையும் புதுக் கருவியில் வைத்தோம். பெரிய வித்தியாசம் 0.11. நீர் கூடிய நான்கும் 0.08க்குள். எட்டாவதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பத்தும் முடியும்வரை உட்காரவில்லை.

பிறகு அறிக்கை. முதல் முயற்சி ஏன் தோற்றது என்று ஒரு கட்டம் உண்டு. அதில், மாதிரிகளை நீர் அளவின் ஏறுவரிசையில் அளக்கச் சொன்னது என் முடிவு, அறையின் ஈரப்பத மாற்றம் அதனால் கணக்கில் கலந்தது, ஆய்வாளரின் கையாளுதலில் பிழை இல்லை என்று எழுதினேன். கீழே, காரணம் கண்டறிந்த நாள் என்ற இடத்தில் வெள்ளி, காலை 8.00 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது கையெழுத்து ஆய்வாளர் போட வேண்டியது.

அவர் கருவியின் கணினியிலிருந்து செயல்பதிவை அச்செடுத்து அறிக்கையோடு சேர்க்கக் கொண்டு வந்தார். யார், எப்போது, எதை மாற்றினாலும் அந்தக் கணினி தானாகவே எழுதி வைத்துக்கொள்ளும். யாராலும் அழிக்க முடியாது. மருந்துத் தொழிலில் அது சட்டம். நான் அதைப் பற்றி மூன்று பயிற்சி வகுப்புகள் எடுத்திருக்கிறேன். அவர் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். பதினேழாம் மாதிரி மீண்டும் கணக்கில் சேர்க்கப்பட்டது, வியாழன், 12.40. பக்கத்தில் என் பயனர் எண்.

"வியாழக்கிழம மத்தியானமே தெரிஞ்சிருக்குல்லா சார்."

நான் தாள்களின் ஓரத்தைச் சமமாக அடுக்கினேன்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போயி, அனேகமா வேல போயிரும்னு சொன்னேன். வீட்டுக்காரரு ராத்திரி பூராவும் ஏஜெண்டுமாருக்கு ஒவ்வொருத்தரா போன் போட்டாரு. எந்தக் கப்பல்னாலும் சரின்னாரு. சம்பளம் பாதின்னாலும் சரின்னாரு." குரலை உயர்த்தவில்லை. "இருவது மணி நேரம். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"பத்தொன்பது மணி ஐம்பது நிமிசம்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் பேனாவை என் முன் வைத்தார். "இந்தத் தேதிக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எங்கள் தொழிலில் எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, தாளைக் கிழித்துப் புதிது எழுதக் கூடாது. தப்பானதைக் குறுக்கே ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது என்ன என்பது வாசிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, காரணம் எழுதி, சுருக்கொப்பமிட வேண்டும். வெள்ளி, காலை 8.00 என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். வியாழன், பகல் 12.40 என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனா நின்றது. எழுத்துப்பிழை என்று எழுதலாம், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். சொல்லத் தாமதித்தேன் என்று எழுதினேன்.

அவர் அதை ஒருமுறை வாசித்தார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டு, நேரம் 5.20 என்று எழுதினார். வழக்கமாக அறிக்கையை அண்ணாச்சியிடம் கொண்டுபோவது நான்தான். அன்று நான் கை நீட்டியபோது அவர் தாள்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நான் குடுத்துக்கிடுதேன் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் கதவைத் தட்டுகிற சத்தமும், "ஏளா, உள்ள வா" என்று அண்ணாச்சி சொல்வதும் எனக்குக் கேட்டன.